சுவருக்குப் பின்னால் பார்க்கிறவனுக்கு

மகன், தர்ஷினி வந்துவிட்டுப் போனாள். கலேவெலயிலிருந்து புறப்பட்டு, தம்புள்ளையில் பஸ் மாறி, மடியில் ஒரு பை கத்தரிக்காயோடு வந்து இறங்கினாள். உனக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்த பிறகு அவள் தனியாக இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. கதிரையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "கல்யாணத்தத் தள்ளி வைக்கலாம்னு சொல்றாரு அத்தை. எவ்வளவு நாளைக்குன்னு கேட்டா பேச்ச மாத்துறாரு. வேலையையும் விடப்போறாராம்" என்றாள். நீ அவளோடு சண்டை பிடித்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். "என்னைய வேணாம்னு சொன்னாக்கூட எனக்கு வெளங்கும். அப்படிச் சொல்லல. என்கூடப் பேசிக்கிட்டு இருக்கிறப்பவே, எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி பாக்கிறாரு."

பிறகு உன் கனவைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நீ ஸ்கேன் ஸ்கிரீனுக்கு முன்னால் நிற்கிறாயாம். உன் அப்பா சாரமும் பனியனுமாக உன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மகன், எதாச்சும் தெரியுதா?" என்று கேட்கிறாராம். ஸ்கிரீன் முழுக்கச் சாம்பல் நிறம்தானாம். அவர் கோபப்படுவதில்லையாம். பஸ் எப்போது எடுப்பீர்கள் என்று ஆட்கள் கேட்பார்களே, அப்படிச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். இதை என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னாயே என்று முதலில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அப்புறம் பயம் வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

போன் எடுத்தால் "பிறகு எடுக்கிறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எனக்கும் வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள் நான், எதையும் சுருக்கமாகச் சொல்லி முடித்ததில்லை. பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி.

உன் அப்பாவை நான் சந்தித்தது அவருடைய பஸ்ஸில்தான் என்பது உனக்குத் தெரியும். எனக்கு முதல் நியமனம் ரத்தோட்டைக்கு மேலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். காலை பஸ்ஸை ஓட்டியவர் அவர். நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பவர்கள் ஏசினாலும் நிறுத்தி வைப்பார். "டீச்சர் வாராங்க, ஏறட்டும்" என்பார். கல்யாணம் ஆகி நீ பிறந்த பிறகும் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். ரிவர்ஸ்டன் பக்கம் மூடுபனி இறங்கும்போது முன்னால் இருக்கும் பாதை தெரியாது. அப்போது அவர் ஸ்டியரிங்கின் மேல் முழுதாகக் குனிந்து, மூக்கு கண்ணாடியில் முட்டுமளவுக்கு முன்னால் சாய்ந்து ஓட்டுவார். முன் சீட்டிலிருந்து அந்த முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு வயிற்று வலி தொடங்கியபோது நேரத்துக்குச் சாப்பிடாத டிரைவர்மாருக்கு வருகிற கேஸ்ட்ரிக் என்றே எல்லோரும் நினைத்தோம். மாத்திரை போட்டார். வலி மேல் வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவியது. மேலே ஜெல் தடவிப் பார்த்த ஸ்கேனில் குடலில் இருந்த காற்று மறைத்ததால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய்வழியாகக் கெமரா விட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு நீயும் எங்களோடு வந்திருந்தாய், உயர்தர வகுப்புச் சீருடையோடு. அவர் வெளியே வந்தார், தொண்டை மரத்திருந்ததால் நாக்கு புரளவில்லை. "டீச்சர், ஒண்ணுமில்லையாம். வயிறு சுத்தமா இருக்காம்" என்று குழந்தைபோல் குழறிச் சிரித்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே கொத்து ரொட்டி வாங்கித் தந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மை ரிவர்ஸ்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அன்றைக்கு டிரைவராக இல்லாமல் பயணியாக. காற்று அடித்த அடியில் உன் தொப்பி பறந்தது. நீங்கள் இரண்டு பேரும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினீர்கள். அவர் பாதியில் நின்று, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டார். சிரிப்பதாக நினைத்தேன்.

பிறகு கண் மஞ்சளானது. பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கிற சதையியில், கணையம் என்பார்களே, அதில் இருந்தது கட்டி. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். கடைசி வாரங்களில் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்னால் குனிந்தபடியே இருப்பார். மூடுபனியில் பஸ் ஓட்டுவதுபோல இருக்கும். அப்படி இருந்தால்தான் வலி கொஞ்சம் அடங்கும் என்பார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு கெமரா விட்டுப் பார்த்த டொக்டரிடம் நீ போய்க் கேட்டாய். உன்னோடு நானும் வந்தேன். "கெமரா அதுக்குப் பக்கத்துலதானே போச்சு? ஏன் தெரியல?" அவர் நல்ல மனுஷன். உன்னை உட்கார வைத்துச் சொன்னார். "தம்பி, கெமரா ஒரு அறைக்குள்ள போற ஆள் மாதிரி. சுவரைப் பாக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்க ஏலாது." "பாக்க வழியே இல்லையா?" என்றாய். நுனியில் ஒலியலை ஸ்கேன் பொருத்திய எண்டோஸ்கோப் ஒன்று உண்டு, இரைப்பைக்குள் இருந்தபடியே பின்னால் இருப்பதைப் பார்க்கலாம், ஆனால் விலை அதிகம், நாட்டில் சில இடங்களில்தான் இருக்கிறது, சாதாரண வயிற்று வலிக்காரரை யாரும் அதற்கு அனுப்புவதில்லை என்றார். யார் மேலும் பிழை இல்லை. அன்றைக்கு நீ அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை நகத்தால் தட்டிக்கொண்டே வந்தாய், அந்தப் பக்கம் ஏதோ இருப்பதுபோல.

இனி நான் சொல்லப்போவதைத் தர்ஷினிக்கும் சொல்லவில்லை. இந்த வீட்டில் உன் அப்பா இருக்கிறார். பைத்தியம் என்று நினைக்காதே. மாலையில், விளக்கு போடுவதற்கு முன்னால், அறை வாசலைத் தாண்டும்போது கட்டில் ஓரத்தில் அந்த முதுகு தெரியும். குனிந்த முதுகு. முகத்தை ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஒரு தடவை "தேத்தண்ணி ஊத்தவா?" என்று வாய்தவறிக் கேட்டும்விட்டேன். விளக்கைப் போட்டால் இருப்பதில்லை. அதனால் சில நாள் விளக்கைப் போடாமலே இருந்திருக்கிறேன். நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கட்டிலில் உட்காராமல் கீழே பாய் போட்டுப் படுத்தாய். நீயும் பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்தக்கூடாது என்று சும்மா இருந்தோம்.

நீ இஞ்சினியராகி, கண்டியில் ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற குழுவோடு சேர்ந்த பிறகு ஒருநாள் மூக்குக்கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் திறந்தாய். உள்ளே தைக்கிறவர்கள் விரலில் மாட்டுகிற உறை அளவுக்கு ஒரு மூடி, அதிலிருந்து போகிற நூல் போன்ற கம்பி, மேலே ஒரு மெல்லிய பலூன். என் ஆட்காட்டி விரலை நீட்டச் சொல்லி அதில் மாட்டினாய். "ஒங்க விரல்தான் எண்டோஸ்கோப்னு வச்சிக்குங்க. எல்லா பெரிய ஆஸ்பத்திரியிலயும் இருக்கிற சாதாரண கெமரா. அதோட நுனியில இத மாட்டினா அதுவே ஸ்கேனும் எடுக்கும். பலூனுக்குள்ள தண்ணி நிரப்பி இரைப்பைச் சுவரோட ஒட்டி வச்சா, காத்து நடுவுல வராது, பின்னால இருக்கிறது தெரியும். வேலை முடிஞ்சா கழட்டி, கழுவி, அடுத்த ஆளுக்கு. புது மெஷின் வாங்க ஏலாத இடத்துலயும் இத வச்சிப் பாக்கலாம்மா." உன் கண்ணில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. நான் வாத்தியார் புத்தியில் ஒரு கேள்வி கேட்டேன். "கழட்டக்கூடியதுன்னா, உள்ளுக்குள்ள போய்க் கழண்டா?" நீ சிரிக்கவில்லை. "அதோடதான்மா இத்தன வருசமா மல்லுக்கட்டுறோம்" என்றாய். விரலிலிருந்து அதை எடுக்கும்போது இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் வலித்தது. அதில் உனக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் எனக்கு வலி வந்தது. விலா எலும்புக்குக் கீழே தொடங்கி முதுகுக்குப் போகிற வலி. உன்னிடம் மறைத்தேன். மறைக்க முடியாத நாளில் நம்முடைய ஊரிலேயே கெமரா விட்டுப் பார்த்தார்கள். நான் வெளியே வந்து, மரத்துப்போன நாக்கோடு, யோசிக்காமல், "ஒண்ணுமில்லையாம்" என்றுவிட்டேன். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துக்கு முந்திய அந்தச் சீருடைப் பையன் என் முன்னால் நின்றான்.

கருவிக்கு அனுமதியெல்லாம் கிடைத்து, நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கண்டியில் உங்கள் குழுவின் டொக்டர் அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார். சிங்களத்தவர், தோட்டப்புற ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தபோது கற்ற தமிழில் பேசினார். அறை வாசலில் உன்னை நிறுத்தி அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. "அம்மாட மகன் வெளிய நிக்கணும். இஞ்சினியர் மட்டும் உள்ள வரலாம். இப்ப சொல்லுங்க, யார் வாறது?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு "இஞ்சினியர்" என்றாய்.

இடது பக்கம் சரிந்து படுக்க வைத்து, வாயில் கடிக்கிற வளையத்தைப் பொருத்தினார்கள். மயக்கம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். தொண்டையைத் தாண்டும்போது அந்த மூடி ஒரு பக்கம் சரிந்தது. அதன் விளிம்பு இடறியதை நான் உணர்ந்தேன். "நிப்பாட்டுங்க! வெளிய எடுங்க!" என்று ஒரு சத்தம். அது இஞ்சினியருடைய குரல் இல்லை. டொக்டர் மெதுவாக வெளியே எடுத்தார். மூடி முழுதாகக் கழன்றிருக்கவில்லை, அதை நுனியோடு பிடித்திருக்கிற வளையம் பாதி நழுவியிருந்தது. நீ அதைத் துடைத்து, திரும்ப மாட்டப் பார்த்தாய். அது உன் விரலில் வழுக்கிக்கொண்டே போனது. மாட்ட முடியவில்லை. எனக்கு வாய் திறக்க வழியில்லை. அதனால் வகுப்பில் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்க வைக்க மேசையைத் தட்டுவேனே, அதுபோலக் கட்டில் சட்டத்தைத் தட்டினேன். நீ பார்த்தாய். நான் கண்ணால் சொன்னேன், மாட்டு என்று. மாட்டினாய். இழுத்துப் பார்த்தாய், திரும்பவும் இழுத்துப் பார்த்தாய். இரண்டாவது தடவை அது ஒழுங்காக உள்ளே போனது.

முழிப்பு வந்தபோது நீ அங்கே இல்லை. பித்தக்குழாயின் அடியில் சின்னக் கற்கள் இருக்கின்றன, எடுத்துவிடலாம், சதையி நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர். அந்த நேரத்தில் எனக்குள் வந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கணம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அங்கே அது இருந்திருக்க வேண்டும், கடுகளவில், வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருந்திருக்க வேண்டும், நீ அதைக் கண்டிருக்க வேண்டும், என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டது. அப்படி ஒன்று நடந்தால் உன் அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேனோ என்னவோ. உயிரோடு இருப்பதற்கு வெட்கப்படுவதுபோல ஒரு உணர்ச்சி. அதை வேறு எந்த மனுஷனிடமும் சொல்ல முடியாது.

அவரிடம் கேட்டேன். "டொக்டர், அன்னைக்கு இது இருந்திருந்தா அவர் இப்ப இருப்பாரா?" அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒங்கட மகன் ஆம் எண்டு நெனைக்கிறார். நான் ஆம் எண்டு சொன்னா ஒங்களுக்கும் சுகமா இருக்கும். ஆனா எனக்குத் தெரியாது அம்மா. சில ஆக்களுக்குக் கண்டா வெட்டலாம். சில ஆக்களுக்குக் கண்டாலும் பிந்திட்டு. அவர் எந்தப் பக்கம் எண்டு இப்ப யாருக்கும் சொல்ல ஏலாது." இதை நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உன்னைத் தேடி வெளியே வந்தேன். நடைபாதை முடிவில் ஒரு வாங்கில் யாரோ உட்கார்ந்திருந்தார், வயிற்றைக் கையால் கட்டி, முன்னால் குனிந்து. பின்னாலிருந்து அந்த முதுகு மட்டும் தெரிந்தது. மகன், வீட்டில் இத்தனை வருஷமாகப் பார்த்தும் பயப்படாதவள் அங்கே பயந்தேன். முன்னால் போனால் யாருடைய முகம் இருக்கும் என்று தெரியாமல் நின்றேன். போய்ப் பார்த்தேன். உன் முகம்தான். "இவ்வளவுதானாம்மா?" என்றாய். "இவ்வளவு லேசா? இவ்வளவுதானா?" கழற்றி வைத்த அந்த மூடி உன் உள்ளங்கையில் இருந்தது.

கல்லை எடுக்க என்னை வார்டில் வைத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். பவளம் என்று பேர், எல்கடுவ பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து பறிப்பவள். என்னைவிட இளையவள்தான், ஆனால் வலி அவளை மூத்தவளாக்கியிருந்தது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "அந்தத் தம்பி ஒங்க மகனா? எனக்கும் அந்தச் சின்ன சாமானப் போட்டுத்தான் பாத்தாங்க." அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, உன் கருவி சுவருக்குப் பின்னால் முதன்முதலாகக் கண்ட கட்டி அவளுடையதுதான் என்று. பெரிய ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள், இனி வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று. அதற்குப் பிறகு நீ வார்டுக்குள் வரவேயில்லை. என்னைப் பார்க்க வந்தபோதும் வாசலிலேயே நின்று போனில் கூப்பிட்டாய், உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. தர்ஷினி நேற்றுச் சொன்ன பிறகு கணக்குப் பார்த்தேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னதும், வேலையை விடுகிறேன் என்றதும் அந்த நாட்களில்தான்.

கண்டால் காப்பாற்றலாம் என்று இத்தனை வருஷமும் நம்பினாய். கண்டாய், காப்பாற்ற முடியவில்லை. உன் அப்பா உன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பவளம் என்ன சொன்னாள் என்று கேள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "மொதல்ல ஒரு எடத்துல கெமரா போட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க டீச்சரம்மா. ஒண்ணும் இல்லன்னா எனக்கு ஏன் இப்படி நோவுது? லயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வேலைக்குப் போகக் கள்ளம்னாங்க. செய்வினைன்னாங்க. எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு, எவளோ ஒருத்தி எனக்குள்ள ஏறி ஒக்காந்துகிட்ட மாதிரி. மகளுக்கு போன் போட்டு என்னான்னு சொல்றது? பேய் புடிச்சிருக்கு, வேலைய விட்டுட்டு வான்னா? அவ குவைத்துல ஒரு வீட்டுல நிக்கிறா. இப்ப பேய் இல்ல, பிசாசு இல்ல, கட்டின்னு தெரிஞ்சிருச்சு. நோவு எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சதுனால சரியான மருந்து குடுக்கிறாங்க. பாருங்க, மல்லாந்து படுக்கிறேன்." உண்மையிலேயே படுத்துக் காட்டினாள். கையை இரண்டு பக்கமும் நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டாள்.

நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் அப்பாவுக்குக் கடைசிவரை கேஸ்ட்ரிக் மாத்திரைதான் அதிகம் கிடைத்தது. சரியான மருந்து வந்தபோது நாள் இருக்கவில்லை. அவருக்கு உயிர் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, படித்த டொக்டருக்கும் தெரியாது. ஆனால் ஒருவேளை முதுகை நிமிர்த்திப் படுத்திருப்பார். உன் கருவி ஒவ்வொருவருக்கும் எதைக் கொடுக்கும் என்று அதை மாட்டும்போது யாருக்கும் தெரியாது. சிலருக்குக் கல், சிலருக்கு உயிர், சிலருக்கு மகளைக் கூப்பிடுவதற்கு ஒரு காரணம். இதில் கடைசியானதைத் தோல்வி என்று நீ எழுதி வைத்திருந்தால், அது பவளத்தின் கணக்கு இல்லை.

தர்ஷினி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு இறந்தவரோடு குடித்தனம் நடத்துகிறவள், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளுக்குப் பின்னால் பார்க்காதே. அவளைப் பார். உன் கனவை நீ அவளிடம் சொன்னது நல்லது, தொடர்ந்து சொல். நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருந்து, இருட்டில் உட்காரப் பழகிவிட்டேன். அவரை விரட்டு என்று நான் உன்னிடம் கேட்கமாட்டேன். எப்படி விரட்டுவது என்று எனக்கே தெரியாது. விரட்ட எனக்கு மனமும் இல்லை. கல்யாண வீட்டுக்குள்ளும் அவர் வருவார், நீ எந்த நாட்டுக்குப் போனாலும் வருவார். அவர் வருகிறார் என்பதற்காக உயிரோடு இருப்பவளை வாசலில் நிற்க வைக்காதே. அவள் போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் காத்திருக்கேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க அத்தை, அதுக்கும் சேத்துக் கவலைப்படுவாரு" என்றாள். சொல்லிவிட்டேன்.

பவளம் இப்போது வீட்டில் இருக்கிறாள், லயத்தில். வார்டில் இருந்தபோதே என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். இன்றைக்குக் காலையில் போன் வந்தது. பேசியது அவள் மகள் சுமதி. குவைத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. "அம்மா நல்லா இருக்காங்களான்னு கேக்காதீங்க டீச்சர், ஆனா என்னையப் பாத்துட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு போன் கை மாறியது. பவளத்தின் குரல் மெலிந்துவிட்டது. "அந்தத் தம்பிய ஒருக்கா கூட்டியாங்க டீச்சரம்மா. மொகத்தச் சரியாப் பாக்கல, மயக்கத்துல இருந்தேன். ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொல்லுங்க. பயந்துக்கிட்டு வராம இருந்துறப் போறாரு."

நான் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். கோபித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வா. தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வா, மூன்று பேருமாக எல்கடுவ பஸ்ஸில் போகலாம். இறங்கின பிறகு கொஞ்ச தூரம் ஏற்றத்தில் நடக்க வேண்டும், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வராதே, பேச ஒன்றும் இருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். உட்கார். பவளம் உன் முகத்தைப் பார்ப்பாள், பார்க்க விடு. சுமதி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவாள். ஆறுவதற்குள் குடி.

அம்மா